நடக்கலாமா, பாட்டி?

போன இதழில் பிரசவ மருந்தைப் பற்றி எழுதியபோது, "என் மகளுக்கு இதைக் கொரியாவில் சூட்டுத் தரையில் உட்கார்ந்து இடித்துக் கொடுத்தேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். மருந்தை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டீர்களே! "தரையே சுடுமாமே, நிஜமா?" என்று கேட்டு ஒரு கடிதம். "என் மகளும் மாப்பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள், கைக்குழந்தையை அந்தத் தரையில் விடலாமா?" என்று ஒரு சகோதரி. இன்னொருவர், "சூட்டுத் தரை இருக்கட்டும், மாடி வீட்டில் இடிக்கிற சத்தத்துக்கு அங்கே என்ன செய்கிறார்கள்?" என்று எழுதியிருக்கிறார். அவருக்குத்தான் நான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அங்கே இடித்ததே நான்தான்!

2023 அக்டோபரில் மகளின் இரண்டாவது பிரசவத்துக்குப் போனேன். சியோலுக்குத் தெற்கே சுவோன் என்கிற ஊர். பெரிய பெரிய கம்பெனிகள் இருப்பதால் நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள். பன்னிரண்டாவது மாடியில் வீடு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், நம் ஊர் மாதிரியே. கழற்றி உள்ளே காலை வைத்தேன் பாருங்கள், "அட!" என்றேன். வெயிலில் காய்ந்த மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒரு இதமான சூடு வருமே, அதே சூடு. வெளியே பல் கிட்டுகிற குளிர். உள்ளே ஹீட்டர் கிடையாது, காற்றாடி கிடையாது, ஒரு சத்தம் கிடையாது. தரை மட்டும் வெதுவெதுப்பு.

இதற்கு அவர்கள் பாஷையில் 'ஒண்டோல்' என்று பேர். இன்று நேற்று வந்ததல்ல. அந்தக் காலத்தில் சமையலறை அடுப்பின் புகையும் அனலும் அடுத்த அறையின் தரைக்கு அடியில் புகைப்பாதைகள் வழியாக ஓடி, அந்தப் பக்கம் புகைபோக்கியில் வெளியேறும். மேலே பலகைக் கல், அதன் மேல் மண் பூச்சு, அதன் மேல் எண்ணெய் தடவிய கெட்டிக் காகிதம். சோறு வேகிற நெருப்பிலேயே படுக்கிற இடமும் சூடாகிவிடும். எவ்வளவு சிக்கனம் பாருங்கள்! அடுப்புக்குப் பக்கத்து மூலைதான் அதிகம் சுடும். அதற்கு 'அரென்மோக்' என்று தனிப் பேரே உண்டு. பெரியவர்களுக்கும் வந்த விருந்தாளிக்கும் அந்த இடம்.

பிறகு விறகு போய் யோன்தான் என்கிற ஓட்டை போட்ட கரி வில்லை வந்தது. அதன் புகைவாயு தரை விரிசல் வழியாக உள்ளே கசிந்து, தூக்கத்திலேயே செத்துப்போன குடும்பங்கள் 1960-களிலும் 70-களிலும் ஏராளம். இப்போது அந்தப் பயம் பெரும்பாலும் போய்விட்டது. தரைக்குள் பாம்பு சுருண்ட மாதிரி குழாய் ஓடுகிறது, அதில் வெந்நீர். பாய்லரில் சுட்டு அனுப்புகிறார்கள். நெருப்பு வேண்டாம், தண்ணீர் போதும் என்று ஆன பிறகுதான் இருபது முப்பது மாடி வைத்துக் கட்டியும் ஒவ்வொரு வீட்டிலும் தரையைச் சுட வைக்க முடிந்தது. 2018-ல் இந்த ஒண்டோல் வழக்கத்தை நாட்டின் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்திருக்கிறார்கள்.

தரை சுட்டால் என்ன ஆகும்? வீடே தரைக்கு இறங்கி வந்துவிடும். சோபா இருக்கும், ஆனால் எல்லாரும் அதில் சாய்ந்துகொண்டு கீழேதான் உட்காருவார்கள். சாப்பாடு கீழே, குழந்தை கீழே, துணி மடிப்பது கீழே. எனக்கோ முழங்கால் வலி. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தால் ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கும். எழுந்திருக்கவே மனசு வராது.

பிரசவித்தவளைச் சூடாக வைத்திருப்பதில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. மூவேழு இருபத்தோரு நாள் பத்தியம். கடல்பாசி போட்ட 'மியோக்-குக்' என்கிற சூப் வேளாவேளைக்கு. ஆஸ்பத்திரியிலேயே என் மகளுக்கு அதைக் கொடுத்தார்கள். நான் சும்மா இருப்பேனா? சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் கொண்டு போயிருந்தேன். கூடவே என் சின்ன இரும்புரலும் உலக்கையும். மிக்சியில் போட்டால் மருந்து சூடேறி மணம் போய்விடும் என்பது என் அம்மா சொன்னது. காலை ஐந்தரைக்கு எழுந்து, சூட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே இடித்து, பூண்டும் மிளகும் தட்டி ரசம் வைத்து, எழுந்து வரும் மகளுக்கு ஆவி பறக்கக் கொடுப்பேன். ரொம்பப் பெருமை எனக்கு.

நவம்பர் முதல் வாரம் வாசல் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை படித்தார். கீழ் வீட்டிலிருந்து. ரொம்ப மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். "எங்கள் மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள், சத்தத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ள முடியுமா?" அவ்வளவுதான். ஆனால் அங்கே இது சின்ன விஷயமில்லை. மாடி வீட்டுச் சத்தத்தால் போலீஸ் வரை போன சண்டைகள், அதற்கு மேலும் போனவை உண்டு. இதற்கென்றே அரசாங்கம் 2012-ல் ஒரு சமரச மையம் திறந்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகள் சீட்டைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. உடம்பும் மனசும் ஒரு நிலையில் இல்லை. "இவன் ஓடுறதுதான்மா. எத்தனை தடவை சொல்றது?" என்று பெரியவனை இழுத்து வைத்துக்கொண்டாள். பெரியவனுக்கு நாலு வயசு. நாலு வயசுப் பிள்ளை நடக்குமா? கூடத்திலிருந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் ஓட்டம்தான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே மந்திரம்: "ஓடாதே, குதிக்காதே, மெதுவா, மெதுவா." நானும்தான் சொன்னேன். மாப்பிள்ளை நாலு சென்டிமீட்டர் தடிமனுக்கு நுரை மெத்தைப் பாய் வாங்கிக் கூடம் முழுக்க விரித்தார். கொரியாவில் குழந்தை இருக்கிற வீடு என்றால் இந்தப் பாய் இல்லாமல் இருக்காது. பிள்ளை நுனிக்காலில் நடக்கப் பழகினான். ஒரு நாள் மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். அறை வாசலில் நின்றுகொண்டு கேட்கிறான்: "பாட்டி, பாத்ரூம் வருது. நடக்கலாமா?"

எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது. பன்னிரண்டாவது மாடியில் பிள்ளை வளர்ப்பது இதுதானா என்று இருந்தது.

அடுத்த வாரம் காவல்காரர் அறையிலிருந்து இன்டர்காமில் கூப்பிட்டார்கள். கீழ் வீட்டில் மறுபடி சொல்லியிருக்கிறார்களாம். மாப்பிள்ளை ஒரு பெட்டி கமலா ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கீழே போனார், மன்னிப்புக் கேட்க. அரை மணி கழித்து வந்தார். வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் மகளிடம் ஏதோ மெதுவாகப் பேசினார். மகள் வந்தாள்.

"அம்மா... குழந்தை ஓடுறது இல்லையாம்மா. அதை அவங்க பொறுத்துக்குவாங்களாம், பகல்லதானேன்னு. காலைல இருட்டோட தினம் 'குங் குங் குங்'னு சுத்தியல் அடிக்கிற மாதிரி கேக்குதாம். அந்தப் பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் படுக்குதாம். ஆறரைக்கு எழணுமாம். அந்த ஒரு மணி நேரத் தூக்கம்தான் போகுதாம்."

நான் உரலைப் பார்த்தேன். உரல் என்னைப் பார்த்தது.

மாப்பிள்ளை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தவித்திருக்கிறார், பாவம். என் பேரன் எனக்குப் பதிலாக ஒரு வாரம் நுனிக்காலில் நடந்திருக்கிறான். அவனை மடியில் போட்டுக்கொண்டு, "நீ நடடா ராஜா, பாட்டிதான் தப்புப் பண்ணினது" என்று சொன்னேன். அவன் உடனே நம்பவில்லை. பெரியவர்கள் தப்புப் பண்ணுவார்களா என்ன?

நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி. நானே கீழே போவது என்று முடிவு செய்தேன். மகள் எண்ணெய்ச் சட்டி பக்கம் வரக் கூடாது, எனக்கும் அந்த அடுப்பில் கை பழகவில்லை. ஊரிலிருந்து கொண்டு போன கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு பாக்கெட் இருந்தது. அதை ஒரு தட்டில் அடுக்கி, மாப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாளுக்கு என்னைவிடப் பத்து வயசு குறைவாக இருக்கும். தட்டைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு 'யோட்' என்று ஒரு பிசுபிசு மிட்டாய் கொடுப்பார்களாம். பல்லில் ஒட்டுகிற மாதிரி காலேஜிலும் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று ஐதீகம். அதே காரணத்துக்காக, வழுக்குகிற அந்தக் கடல்பாசி சூப்பைப் பரீட்சை நாளில் தொடமாட்டார்கள். மாடியில் நாங்கள் வேளைக்கு ஒரு கிண்ணம் குடித்துக்கொண்டிருந்தோம்!

அந்தப் பெண் உள்ளறையிலிருந்து வந்து தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். நவம்பர் 16-ந் தேதி அவளுக்குப் பரீட்சை. 'சூனுங்' என்று பேர். நம் ஊர் பிளஸ் டூவும் நுழைவுத் தேர்வும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் எப்படியோ அப்படி. ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதுகிற 35 நிமிஷம் நாடு பூராவும் விமானம் ஏறாது, இறங்காது. விமானத்தையே நிறுத்துகிற ஜனங்கள். நான் அவர்கள் தலைக்கு மேல் சுக்கு இடித்திருக்கிறேன்.

மாப்பிள்ளை இன்னொன்றையும் அப்புறம்தான் சொன்னார். அங்கே சத்தத்துக்குச் சட்டமே உண்டாம். 2023 ஜனவரியிலிருந்து, ஓடுவது குதிப்பது இடிப்பது போன்ற சத்தம் கீழ் வீட்டில் ஒரு நிமிஷ சராசரியாகப் பகலில் 39 டெசிபலையும் இரவில் 34 டெசிபலையும் தாண்டக் கூடாது. இரவு என்றால் இரவு 10 முதல் காலை 6 வரை. ஐந்தரை மணியை நான் காலை என்று நினைத்தேன். சட்டப்படி அது நடுராத்திரியோடு சேர்ந்தது!

பிறகு இடிப்பதை எட்டு மணிக்கு மேல் என்று மாற்றினேன். இடமும் தரையில்லை, சமையல் மேடையின் மேல், நாலாக மடித்த டவலை வைத்து, அதன் மேல் உரல். மகளைக் கீழே அனுப்பிக் கேட்கச் சொன்னேன். "தட்டுற மாதிரி லேசாத்தான் கேக்குதும்மா" என்றாள். தரையில் வைத்து இடிப்பது வேறு, மேடையில் வைத்து இடிப்பது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. டிசம்பரில் குளிர் மைனஸ் பத்துக்குக் கீழே போயிற்று. பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கிறது, கூடம் மட்டும் சூடாக மாட்டேன் என்கிறது. கேஸ் பில்லைப் பார்த்து மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். நான் அந்த நுரைப் பாயின் ஓரத்தைத் தூக்கி அடியில் கையை வைத்தேன். தோசைக்கல் மாதிரி இல்லை, ஆனால் நன்றாகவே சுட்டது. மேலே ஜில். நாலு சென்டிமீட்டர் நுரை சூட்டை மேலே விடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. தரையில் ஒட்டியிருந்த மரப் பலகை நிறமே மாறியிருந்தது. சத்தத்துக்கு என்று போட்டது சூட்டைத் தின்றுவிட்டது. அப்படியானால் இந்த ஊரில் சூடும் வேண்டும் அமைதியும் வேண்டும் என்றால் என்னதான் செய்கிறார்கள்?

அதற்கும் பதில் கிடைத்தது. புது அபார்ட்மெண்ட் விற்பதற்கு அங்கே மாதிரி வீடு கட்டி வைத்து ஜனங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களை அப்படி ஒன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே ஓரத்தில், தரையைக் குறுக்காக வெட்டி மைசூர்பாகு வில்லை மாதிரிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் சமையலறை அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருக்க, நான் அதன் முன்னால்தான் நின்றேன்.

கீழே கான்கிரீட் தளம், 210 மில்லிமீட்டர், ஒரு சாண் கனம். அதன் மேல் 20, 30 மில்லிமீட்டருக்கு மெத்தென்ற நுரைப் பலகை. அதன் மேல் 40 மில்லிமீட்டருக்கு, சோடா உப்புப் போட்ட இட்லி மாதிரி துளைத் துளையான லேசான கான்கிரீட். அதன் மேல் வெந்நீர்க் குழாய். குழாயை மூடிச் சிமெண்டுக் கலவை, இன்னொரு 40 மில்லிமீட்டர். கடைசியில் மெல்லிய மரப் பலகை.

சூட்சுமம் அந்த நுரைப் பலகையில் இருக்கிறது. அது குழாய்க்கு அடியில் இருக்கிறது, மேலே இல்லை. தலையில் குடம் தூக்கும்போது சும்மாடு வைத்துக்கொள்கிறோம் இல்லையா? குடத்தின் பாரம் தலையில் நேராக உறைக்காது. அந்த மாதிரி, மேலே நடக்கிற அதிர்வு கீழ்த் தளத்துக்கு நேராகப் போகாமல் நுரைப் பலகை வாங்கிக்கொள்கிறது. அதே பலகைதான் வெந்நீரின் சூடு கீழ் வீட்டுக் கூரைக்கு இறங்காமல் மேலே திருப்பி அனுப்புகிறது. ஒரே பொருள், இரண்டு வேலை. அதையே குழாய்க்கு மேலே கொண்டுபோய் விரித்தால், நாங்கள் செய்ததைப் போல, ஒரு வேலையைக் கெடுத்துவிட்டு இன்னொன்றை அரைகுறையாகச் செய்யும்.

சுவர் ஓரத்திலும் ஒரு பட்டை நுரை செங்குத்தாக ஓடியது. அது எதற்கு என்று கேட்டேன். மேலே போட்ட சிமெண்டுத் தரை எந்த இடத்திலும் சுவரைத் தொடக் கூடாதாம். சும்மாட்டின் மேல் மிதக்க வேண்டும். கொத்தனார் அசந்து மறந்து ஒரு கரண்டி கலவையை அந்த இடுக்கில் விட்டுவிட்டால் போச்சு, அதைப் பாலமாகப் பிடித்துக்கொண்டு சத்தம் சுவரில் இறங்கிவிடும். கிரைண்டருக்கு அடியில் ரப்பர் போட்டுவிட்டு ஒரு காலை மட்டும் வெறுந்தரையில் வைத்த கதைதான். லட்சக்கணக்கில் செலவு செய்த தரையை ஒரு கரண்டிக் கலவை கெடுக்கிறது. காகிதத்தில் நன்றாக இருந்த தரை கட்டிய பிறகு சரியில்லாமல் போனது அங்கே நிறைய. அதனால்தான் 2022 ஆகஸ்டிலிருந்து, கட்டி முடித்த பிறகும் சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து அளந்து பார்க்க வேண்டும் என்று விதி. இரண்டரைக் கிலோ ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டுக் கீழ் வீட்டில் அளக்கிறார்கள். 49 டெசிபலுக்குள் இருக்க வேண்டும்.

ரப்பர் பந்து எதற்கு என்றால், அதுதான் குழந்தை குதிக்கிற சத்தம். சத்தத்தில் இரண்டு ஜாதி உண்டு என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். கரண்டி விழுவது, நாற்காலி இழுப்பது எல்லாம் 'கணீர்', 'கிறீச்' ஜாதி. மெல்லிய விரிப்புக்கே அடங்கும். குதிகால் போட்டு நடப்பது, குதிப்பது 'தொம்' ஜாதி. அதற்கு மெத்தை மட்டும் போதாது. கீழே கனமான தளம் வேண்டும். சில சமயம் அந்த நுரைப் பலகையே 'தொம்'மைக் கொஞ்சம் கூட்டியும் விடுமாம், தாளத்தோடு சேர்ந்து ஆடுகிற ஊஞ்சல் மாதிரி. என் மகள் இருந்த கட்டடம் 1990-களில் கட்டியது. அந்தக் காலத்துத் தளங்கள் 120-லிருந்து 150 மில்லிமீட்டர்தான். சத்தத்துக்கு அளவு வைத்துக் கறாராக விதி வந்தது 2000-க்குப் பிறகுதான். ஆக, வாடகைக்கு இருக்கிற நாங்கள் தளத்தை என்ன செய்ய முடியும்?

வீட்டுக்கு வந்து பாயைச் சுருட்டினோம். முழுக்க அல்ல. பேரன் வழக்கமாக ஓடுகிற தடம் ஒன்று உண்டு, அவன் அறையிலிருந்து கூடத்து ஜன்னல் வரை. அங்கே மட்டும் ஒரு பட்டையாக விட்டு மற்ற இடமெல்லாம் தரையைத் திறந்துவிட்டோம். இரண்டே நாளில் கூடம் சூடாயிற்று. இந்தத் தரை மெதுவாகத்தான் சுடும், மெதுவாகத்தான் ஆறும். குளிருகிறதே என்று திருகி ஏற்றி, புழுங்குகிறதே என்று அணைத்து விளையாடக் கூடாது. ஒரே அளவில் விட்டுவிட வேண்டும். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துணி வெட்டி ஒட்டினோம். பெரியவர்களுக்கு மெத்தென்ற அடிப்பாகம் உள்ள வீட்டுச் செருப்பு. மாப்பிள்ளைதான் வீட்டிலேயே அதிகமாகக் குதிகால் போட்டு நடப்பவர் என்று அப்போது கண்டுபிடித்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வாய் ஏது? குதிக்க ஆசை வந்தால் பேரனைக் கீழே பூங்காவுக்குக் கூட்டிப் போவேன். குல்லாயும் கையுறையும் மாட்டி முடிப்பதற்குள் அரை மணி ஆகும்.

இப்போது கைக்குழந்தை விஷயம். தரையில் விடலாம், ஆனால் வெறுந்தரையில் படுக்க வைத்துத் தூங்க விடக் கூடாது. நம் உள்ளங்காலுக்கு இதமாக இருப்பது பச்சைக் குழந்தையின் முதுகுக்கு அதிகம். 45 டிகிரிச் சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் கொப்புளம் வந்துவிடும். ஐரோப்பாவில் ஆட்கள் புழங்குகிற இடத்தில் தரையின் மேல்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கனமான விரிப்போ மெத்தையோ போட்டு மூடிய இடத்தில் அடியில் சூடு ஏறும் என்பதைத்தான் நான் கையாலேயே பார்த்தேனே. குழந்தைக்குத் தனிக் கட்டில், கெட்டியான சமமான படுக்கை, மல்லாத்திப் படுக்க வைப்பது, பக்கத்தில் தலையணை போர்வைக் குவியல் இல்லாமல் இருப்பது, இவை நல்லது. அறை 20-லிருந்து 22 டிகிரி போதும். நம் வழக்கப்படி குல்லாய், சாக்ஸ், இரண்டு கம்பளி என்று சுற்றினால் சூட்டுத் தரை வீட்டில் குழந்தை வெந்துபோகும். கை கால் ஜில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிடரியிலும் மார்பிலும் கையை வைத்துப் பாருங்கள். வியர்வை இருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

சர்க்கரை வியாதியால் கால் மரத்துப்போன பெரியவர்களும் ஜாக்கிரதை. சுடுவதே தெரியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுவார்கள். காற்றும் வறண்டுபோகும். நாங்கள் துவைத்த குழந்தைத் துணிகளைப் படுக்கை அறையிலேயே கொடி கட்டிப் போடுவோம். காலைக்குள் காய்ந்துவிடும், மூக்கடைப்பும் இல்லை.

ஜனவரி கடைசியில் நான் திரும்பும் முன்னால், கீழ் வீட்டு அம்மாள் மேலே வந்து பேரனுக்கு ஒரு ஜோடி கனத்த கம்பளிச் செருப்பு கொடுத்தார். முயல் காது வைத்தது. அதைத் தூங்கும்போதும் கழற்ற மாட்டேன் என்று அடம். லிஃப்டில் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குக் கையசைப்பான், அவளும் அசைப்பாள்.

அவளுக்குப் பரீட்சையில் எவ்வளவு வந்தது, எந்தக் காலேஜ் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கிளம்புகிற வரை கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போதும் போனில் மகளிடம் எல்லாம் கேட்கிறேன், அதை மட்டும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

இரும்புரலைப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். நாலு கிலோ. அதற்காக ஏர்போர்ட்டில் இரண்டு பாட்டில் ஊறுகாயை மாப்பிள்ளை கையில் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.